விஞ்ஞானத் துறையிற் பெண்மணிகள்

சனக மன்னனின் வேள்விச் சபையிலே ஒரு கேள்வி எழுந்தது. இவ்வுலகம் முழுவதும் நீரின்மேல் ஊடும் பாவுமாக நெய்யப்பட்டிருக்கின்றதென்றால், அந்த நீர் எதன்மேல் நெய்யப்பட்டிருக்கின்றது? கேட்டவர் கார்க்கி என்னும் பெண்மணி. விடை கூறியவர் யாக்ஞவல்கிய முனிவர். ஒவ்வொரு விடையின் மேலும் கார்க்கி மறுபடியும் ஒரு வினாவை ஏற்றிக்கொண்டே போனார். ஈற்றில் முனிவர், இதற்குமேற் கேட்டால் உன் தலை வீழ்ந்துவிடும் என்று தடுத்தார். கார்க்கி அமர்ந்துவிட்டார்.

கதை அத்தோடு முடிந்திருந்தால் அதனை நாம் இங்கே எடுத்துரைக்க வேண்டியதில்லை. சற்று நேரத்தின் பின் கார்க்கி சபையோரின் இசைவைப் பெற்று மீண்டும் எழுந்தார். வில்லேந்திய வீரன் ஒருவன் இரண்டு அம்புகளோடு வந்து நிற்பது போலத் தாமும் இரண்டு வினாக்களோடு வந்திருப்பதாகக் கூறினார், கேட்டார். தக்க விடை கிடைத்ததும், இவரை வெல்ல வல்லார் இச்சபையில் எவருமிலர் என்று தாமே தீர்ப்பும் வழங்கினார். பிருகதாரணியக உபநிடதம் இந்நிகழ்ச்சியைப் பேணி வைத்திருக்கின்றது.

காரணத்தைத் தேடி வினவுதல், தடுத்தாலும் சோராதிருத்தல், உண்மை தெளிந்தவிடத்து அதனை ஒப்புக்கொள்ளுதல் என்னும் மூன்று பண்புகளையும் கார்க்கியிடத்தே காண்கின்றோம். இவை மூன்றுமே விஞ்ஞானியின் இலக்கணம். ஆகவே விஞ்ஞானம் பெண்களுக்குப் புதிதாக வந்த துறை என்று சொல்வது எமது மரபை அறியாதார் கூற்றாகும். ஆயினும், இடைக்காலத்திலே அச்சபையின் கதவுகள் பெண்களுக்கு அடைபட்டன என்பதையும் நாம் மறைத்தற்கில்லை. இருபதாம் நூற்றாண்டிலே அக்கதவுகளை மீண்டும் தட்டிய ஐந்து பெண்மணிகளின் வரலாற்றை இக்கட்டுரையிற் சுருக்கிக் கூற விரும்புகின்றோம். ஐவரும் பாரத நாட்டவர். நால்வரின் கல்வி சென்னை மாநகரோடு தொடர்புடையது. அவர்கள் சென்ற வழிகளோ ஐந்தும் வெவ்வேறு.

புதுக்கோட்டையிலிருந்து புறப்பட்டவர்

1886ஆம் ஆண்டு புதுக்கோட்டையிற் பிறந்தவர் முத்துலட்சுமி. தந்தையார் நாராயணசாமி ஐயர் கல்லூரி அதிபர். தாயார் சந்திரம்மாள் இசைவேளாளர் குலத்தவர். ஊரார் அந்தக் குடும்பத்தை எந்தக் கண்கொண்டு பார்த்திருப்பர் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. உயர்கல்விக்காக அவர் மகாராசாக் கல்லூரியிற் சேர விண்ணப்பித்தபோது, ஆண்பிள்ளைகள் படிக்கும் இடத்தில் ஒரு பெண்ணா என்று எதிர்ப்பு எழுந்தது. புதுக்கோட்டை மன்னர் அவ்வெதிர்ப்பைத் தள்ளி, சேர்த்துக்கொள்ளுமாறு கட்டளையிட்டார். 1907இல் முத்துலட்சுமி சென்னை மருத்துவக் கல்லூரியிற் புகுந்து 1912இற் பட்டம் பெற்றார்.

1927இற் சென்னைச் சட்டசபையில் அங்கத்தவராகி அதன் உபதலைவராகவும் விளங்கினார். தேவதாசி முறையை ஒழிப்பதற்கு உழைத்தார். எனினும் அவர் உள்ளத்தை விட்டு நீங்காத துயரம் ஒன்றிருந்தது. அவருடைய இளைய சகோதரி புற்றுநோயால் மாண்டதை அவர் கண்ணாற் கண்டவர். அத்துயரத்தை அழுது தீர்ப்பதோடு அவர் நின்றுவிடவில்லை. பல ஆண்டுகள் நிதி திரட்டி, 1954இற் சென்னை அடையாற்றிலே புற்றுநோய் வைத்தியசாலையை நிறுவினார். 1968இல் அவர் மறைந்தார். அவர் நாட்டிய நிலையம் இன்றும் வறியோர் செல்வர் என்ற வேறுபாடின்றி நோயாளருக்குப் பணி புரிகின்றது. ஒரு மன்னரின் கட்டளை ஒரு பெண்ணுக்குத் திறந்த கதவின் வழியே எத்தனை ஆயிரம் உயிர்கள் நுழைந்து பிழைத்திருக்கின்றன என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கரும்பிலிருந்து கானகம் வரை

1897ஆம் ஆண்டு மலையாள நாட்டுத் தலைச்சேரியிற் பிறந்த ஜானகி அம்மாள் தாவரவியலை நாடியவர். சென்னை இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, பெண்கள் கிறித்துவக் கல்லூரியில் ஆசிரியையாக இருந்தார். வீட்டிலே திருமணப் பேச்சு நடந்த காலத்தில் அமெரிக்காவிலிருந்து புலமைப் பரிசில் வந்தது. அவர் புலமைப் பரிசிலைத் தேர்ந்தார். மிச்சிகன் சர்வகலாசாலையில் முதுமாணிப் பட்டமும், 1931இல் விஞ்ஞானக் கலாநிதிப் பட்டமும் பெற்றார்.

தாயகம் மீண்டு 1934 முதற் கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்திற் கடமையாற்றினார். அங்கே நடந்த ஆராய்ச்சியின் நோக்கத்தை எம் வாசகர்கள் அறிந்துகொள்வது நன்று. வெப்ப நாடுகளின் தடித்த கரும்பு மிகுந்த சாறுடையது; ஆனால் வடஇந்தியாவின் குளிரையும் வறட்சியையும் தாங்காது. காட்டிலே தானாக வளரும் நாணலினக் கரும்பு மெலிந்தது. ஆனால் எதையும் தாங்கும். இரண்டையும் கலந்தால் இனிமையும் வன்மையும் ஓரிடத்திற் சேரும். எந்த இனம் எதனோடு கலக்கும் என்பதை அறிவதற்கு உயிரணுக்களுள் இருக்கும் நிறமூர்த்தங்களை உருப்பெருக்கிக் கண்ணாடியில் எண்ணிப் பார்க்க வேண்டும். ஜானகி அம்மாள் அக்கலையில் வல்லவர். கரும்பைச் சோளம் முதலிய பிற புல்லினங்களோடு கலந்தும் ஆராய்ந்தார். ஆயினும், தனித்து வாழும் பெண் என்பதாலும் சாதி வேற்றுமையாலும் அங்கே அவர் பட்ட இன்னல்கள் சிறியனவல்ல.

இங்கிலாந்து சென்ற அவர், இரண்டாம் உலக யுத்தத்திலே இலண்டனில் குண்டுமழை பொழிந்த நாட்களில், இரவிற் கட்டிலின்கீழ் ஒதுங்கியும் காலையில் உடைந்த கண்ணாடித் துண்டுகளைக் கூட்டியும் தம் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 1945இல் டார்லிங்டன் என்னும் அறிஞரோடு சேர்ந்து, பயிரிடும் தாவரங்களின் நிறமூர்த்தங்களைத் தொகுத்துரைக்கும் பெருநூலை வெளியிட்டார். 1951இற் பிரதமர் நேரு அழைத்ததன் பேரில் இந்தியத் தாவரவியல் அளவைத் திணைக்களத்தைச் சீரமைக்கத் தாயகம் திரும்பினார்.

முதுமையிலும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. கேரளத்து அமைதிப் பள்ளத்தாக்கிலே மின்சாரத்திற்காக அணை கட்டி ஆதிகாலக் காட்டை நீரில் மூழ்கடிக்க முயன்றபோது, எண்பது வயதைக் கடந்த அவர் அதனை எதிர்த்துக் குரல் கொடுத்தார். 1984 பெப்ரவரியில் அவர் கண் மூடினார். அதே ஆண்டு நவம்பரில் அக்காடு தேசிய வனமாக அறிவிக்கப்பட்டது. அவர் பெயரைத் தாங்கிய வெண்மலர் மரமொன்று இங்கிலாந்துத் தோட்டங்களில் மலர்கின்றது.

வாயிலில் அமர்ந்தவர்

கமலா சோகனி அம்மையாரின் வரலாறு இன்னொரு வகையினது. 1933இற் பம்பாய்ச் சர்வகலாசாலையிற் பௌதிகமும் இரசாயனமும் பயின்று முதன்மையாகத் தேறிய அவர், பெங்களூர் இந்திய விஞ்ஞான நிலையத்திற்கு விண்ணப்பித்தார். அந்நிலையத்தின் தலைவராக இருந்தவர் நோபல் பரிசு பெற்ற சேர் சி. வி. இராமன். பெண்களைச் சேர்ப்பதில்லை என்று அவர் மறுத்துவிட்டார். காந்தியடிகளின் வழியிற் பற்றுக் கொண்டிருந்த கமலா, நேரே பெங்களூர் சென்று காரணம் கேட்டு நின்றார். முடிவில் நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. முதல் ஆண்டு பரீட்சார்த்தமாகவே இருக்க வேண்டும்; தலைவர் திருப்தியடைந்த பின்னரே வேலை அங்கீகரிக்கப்படும்; ஆண் மாணவரின் கவனம் அவராற் கலையக் கூடாது. இவை எந்த ஆண் மாணவனுக்கும் விதிக்கப்படாத நிபந்தனைகள்.

கமலா அவற்றை ஏற்று உழைத்தார். சீனிவாசய்யா என்னும் ஆசிரியரின் கீழ்ப் பாலிலும் பயறு வகைகளிலும் உள்ள புரதங்களை ஆராய்ந்து 1936இற் பட்டம் பெற்றார். அவருடைய வேலையைக் கண்ட பின்னர் அந்நிலையத்தின் கதவுகள் ஏனைய பெண்களுக்கும் திறந்தன. கேம்பிரிட்ஜ் சென்ற அவர், தாவரங்கள் மூச்சுவிடுவதற்குத் துணைபுரியும் சைற்றோகுரோம் என்னும் பொருளைப்பற்றி ஆராய்ந்து 1939இற் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவருடைய ஆராய்ச்சி நூல் நாற்பது பக்கங்களையே கொண்டது. அறிவின் நிறையைப் பக்கங்களால் அளப்பவர்கள் இதனைச் சிந்திப்பார்களாக.

தாயகம் திரும்பிய பின் அவர் செய்த ஆராய்ச்சிகளுள் ஒன்று எம்மவர்க்கு மிக நெருங்கியது. பனை, ஈச்சை முதலிய மரங்களின் புளிக்காத சாற்றிலே உள்ள சத்துக்களை அவர் ஆராய்ந்தார். யாழ்ப்பாணத்திலே நாம் கருப்பநீர் என்று பிளாவிற் குடிக்கும் அதே பானத்தில், ஊட்டமின்றி வாடும் பிள்ளைகளுக்கும் கருவுற்ற தாய்மாருக்கும் வேண்டிய உயிர்ச்சத்துக்களும் இரும்புச்சத்தும் உண்டென்று ஆய்ந்து காட்டினார். எமது முற்றத்துப் பனையை விஞ்ஞான சாலைக்கு அழைத்துச் சென்றவர் ஒரு பெண்மணி என்பது எமக்குப் பெருமை தருவதாகும்.

காதணியை மறுத்தவர்

1918இற் பீருமேட்டிற் பிறந்தவர் அன்னா மணி. எட்டாவது பிறந்தநாளில் வீட்டார் வழக்கப்படி வைரத் தோடு கொடுத்தனர். அவர் அதனை வேண்டாமென்று மறுத்து, பிரித்தானியக் கலைக்களஞ்சியத்தை வாங்கித் தருமாறு கேட்டார். விதியின் விளையாட்டைப் பாருங்கள். காதில் அணிய மறுத்த வைரத்தையே அவர் பின்னர் ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டார். சென்னை மாநிலக் கல்லூரியில் 1939இற் பட்டம் பெற்று, பெங்களூரில் அதே இராமன் அவர்களின் ஆய்வுகூடத்திற் சேர்ந்தார். கமலா திறந்து வைத்த வாயில் அது. பதினைந்து இருபது மணி நேரம் தொடர்ந்து ஒளிபாய்ச்சிப் பதிவுசெய்ய வேண்டிய வேலையாதலால், இரவில் ஆய்வுகூடத்திலேயே தங்கிய நாட்களும் பல.

ஐந்து ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தனித்தே வெளியிட்டு, 1945இற் கலாநிதிப் பட்டத்திற்குத் தம் ஆய்வைச் சமர்ப்பித்தார். சென்னைச் சர்வகலாசாலை, அவரிடம் முதுமாணிப் பட்டம் இல்லை என்னும் காரணத்தைக் காட்டிப் பட்டத்தை வழங்க மறுத்துவிட்டது. பின்னரும் அது அவருக்குக் கிடைக்கவில்லை. அடைத்த எல்லாக் கதவுகளும் ஈற்றில் திறந்துவிடும் என்று நாம் இளைஞருக்குப் பொய் சொல்லலாகாது. சில கதவுகள் திறப்பதேயில்லை.

ஆனால் அன்னா மணி அக்கதவின் முன்னே நின்று கண்ணீர் விட்டவரல்லர். இங்கிலாந்து சென்று வளிமண்டலவியற் கருவிகளைப்பற்றிக் கற்று, 1948இற் பூனாவில் இந்திய வளிமண்டலவியற் திணைக்களத்திற் சேர்ந்தார். மழைமானி, வெப்பமானி முதலிய கருவிகளைக்கூட அந்நாளில் வெளிநாட்டிலிருந்தே வரவழைத்தனர். ஏறக்குறைய நூறு கருவிகளின் வரைபடங்களைச் சீர்படுத்தி, அவற்றை உள்நாட்டிலேயே செய்விக்க வழிவகுத்தார். 1957–58ஆம் சர்வதேசப் புவிப்பௌதிக ஆண்டிலே சூரிய ஒளியை அளக்கும் நிலையங்களை நாடெங்கும் நிறுவினார். வானில் ஓசோனை அளக்கும் கருவியையும் ஆக்கினார். 1976இல் உதவித் தலைமை அதிபர் பதவியிலிருந்து இளைப்பாறி, 1980இற் சூரியக் கதிர்வீச்சின் அளவுகளைத் தொகுத்த நூலை வெளியிட்டார். 2001இல் அவர் காலமானார். இன்று கூரைகளிற் சூரிய மின்தகடுகள் மினுங்குவதைக் காண்கின்றோம். எங்கே எவ்வளவு வெயில் விழுகின்றதென்பதை முன்கூட்டியே அளந்து வைத்தவர்களுள் அவர் முன்னணியில் நிற்கின்றார்.

அடித்துத் திருத்திய ஒரு சொல்

ஐந்தாமவர் லலிதா. 1919இற் சென்னையிற் பிறந்தவர். பதினைந்து வயதிற் திருமணம். பதினெட்டு வயதில் ஒரு பெண் குழந்தை. குழந்தைக்கு நான்கு மாதமாயிருக்கையிற் கணவர் இறந்துவிட்டார். அந்நாளில் இளம் கைம்பெண்ணுக்கு எமது சமூகம் வகுத்து வைத்திருந்த வாழ்வு எத்தகையது என்பதைப் பெரியோர்கள் அறிவார்கள். இருண்ட அறை, வெள்ளைச் சேலை, விசேடங்களில் ஒதுக்கம்.

லலிதாவின் தந்தையார் பப்பு சுப்பாராவ், சென்னைக் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் மின்பொறியியற் பேராசிரியர். அவர் தம் மகளை அந்த இருட்டறைக்குள் விடவில்லை. வெள்ளைக்கார அதிகாரிகளிடத்தும் கல்லூரி அதிபரிடத்தும் பேசி அனுமதி பெற்று, 1940இல் அவரை அக்கல்லூரியிலேயே சேர்த்தார். நூற்றுக்கணக்கான ஆண்களிடையே ஒரேயொரு பெண். அடுத்த ஆண்டு திரேசியா, லீலாம்மா என்னும் இருவர் சேர்ந்தனர். பட்டம் வழங்கும் வேளையிலே ஒரு புதுமை நிகழ்ந்தது. பொறியியற் பட்டச் சான்றிதழில் பட்டம் பெறுவோர் ஆண் என்றே அச்சிடப்பட்டிருந்தது. பெண் ஒருத்தி அதனைப் பெறுவாள் என்று அச்சடித்தவர் எவரும் நினைத்திருக்கவில்லை. 'அவன்' என்று பொருள்படும் சொல்லைக் கையால் வெட்டி 'அவள்' என்று திருத்தி வழங்கினர்.

மின்பொறியியலாளராகச் சிம்லாவிலும் கல்கத்தாவிலும் லலிதா கடமையாற்றினார். பக்ரா நங்கல் அணைக்கட்டு மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் மார்க்கங்களை வரைந்ததிலும் அவருக்குப் பங்குண்டு. மகளைத் தமையனார் வீட்டாரின் துணையோடு தாமே வளர்த்தார். 1964இல் நியூயோர்க்கில் நடைபெற்ற பெண் பொறியியலாளர், விஞ்ஞானிகளின் முதலாவது சர்வதேச மகாநாட்டிற் கலந்துகொண்டார். 1979இல் அறுபது வயதில் மறைந்தார். இருட்டறையில் இருந்திருக்க வேண்டியவர் ஊர்களுக்கு வெளிச்சம் கொண்டுசென்றார் என்று சொல்வது வெறும் அலங்காரமன்று; அது நடந்த உண்மை.

நாம் சிந்திக்க வேண்டியவை

இவ்வைவரின் வரலாற்றையும் ஒருங்கே வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படுகின்றது. ஒவ்வொருவரின் வாழ்விலும் கதவை அடைத்தவர் ஒருவர் இருந்தார். திறந்தவரும் ஒருவர் இருந்தார். முத்துலட்சுமிக்கு மன்னர், லலிதாவுக்குத் தந்தை. சில வேளைகளில் அடைத்தவரே திறந்தவராகவும் ஆகியிருக்கின்றார். இராமன் போன்ற மேதையே ஒரு காலத்திற் தவறியிருப்பாராயின், எம்போன்ற சாதாரணர் தவறுவது எளிது. அவரைப்போலத் திருத்திக்கொள்வதும் எம்மால் ஆகக்கூடியதே.

எமது நாட்டை எடுத்துக்கொள்வோம். உடுவிலிலே 1824இற் பெண்களுக்கென விடுதிப் பாடசாலை எழுந்தது. இணுவிலிலே 1898இல் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமென வைத்தியசாலை வந்தது. சைவப் பெண்பிள்ளைகள் தம் சமயச் சூழலிலேயே உயர்கல்வி பெறவேண்டுமென்று சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் மருதனார்மடத்திற் கல்லூரி நிறுவினார். 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960களிலே பிரேமளா சிவசேகரம் அம்மையார் இலங்கையின் முதற் பெண் பொறியியலாளராக விளங்கினார். இவ்வாறு எம் முன்னோர் பல கதவுகளைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கின்றனர். எமது பெண்பிள்ளைகள் சர்வகலாசாலை வரை செல்லுகின்றனர்; இதில் ஐயமில்லை.

ஆனால் எந்தக் கதவு வரை செல்லுகின்றனர்? பெண்பிள்ளை கெட்டிக்காரியென்றால் வைத்தியர், அல்லது ஆசிரியை. இவ்விரண்டிற்கும் அப்பால் எமது வீடுகளிற் பேச்சே எழுவதில்லை. காற்றை அளக்கவும், கரும்பைக் கலக்கவும், மின்கம்பி மார்க்கம் வரையவும் ஒரு பெண் ஆசைப்பட்டால், அது வெளிவேலை, தனியே போகவேண்டிய வேலை, பிறகு யார் கலியாணம் பேசுவார்கள் என்று நாம் அஞ்சுகின்றோம். பெற்றோரின் அச்சத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. பிள்ளையின் பாதுகாப்பைக் கருதி எழுவது அது. ஆனால் லலிதாவின் தந்தைக்கும் அச்சம் இருந்திருக்கும். அவர் அச்சத்தோடேயே மகளின் கையைப் பிடித்துக் கல்லூரி வாயில்வரை சென்றார். நாம் வேண்டுவதும் அவ்வளவே.

எமது சங்கங்களின் நிலையையும் நாமே சோதித்துப் பார்ப்போமாக. விழா என்றால் பெண்பிள்ளைகள் கோலமிடுகின்றனர், பூமாலை தொடுக்கின்றனர், தேவாரம் பாடுகின்றனர். அவை யாவும் நல்ல பணிகளே. சொற்பொழிவு முடிந்ததும் எழுந்து நின்று கேள்வி கேட்பவர் யார்? பெரும்பாலும் ஆண்பிள்ளைகளே. கார்க்கி பிறந்த சமயத்தைச் சேர்ந்தவர்கள் நாம் என்று மேடையிற் பெருமை பேசிவிட்டு, அதே மேடையின் முன் இருக்கும் கார்க்கிகளை வாய் திறவாமல் இருத்தி வைத்தல் எமக்கு அழகாகுமா?

வாலிப அன்பர்களே, உங்கள் தங்கையோ தமக்கையோ விஞ்ஞானப் புத்தகத்தோடு அமர்ந்திருக்கும்போது அடுக்களை வேலையிற் பாதியை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். அது சிறு உதவி. ஆனால் ஆராய்ச்சி நூல்கள் பல அத்தகைய சிறு நேரங்களிலேதான் எழுதப்பட்டிருக்கின்றன. பெரியோர்களே, உங்கள் பேர்த்தி ஏன், எதனால் என்று அடுத்தடுத்துக் கேட்கும்போது, போதும் வாயை மூடு என்று சொல்லாதிருங்கள். விடை தெரியாவிட்டால் தெரியாதென்று சொல்லி அவளோடு சேர்ந்து தேடுங்கள். பெண்பிள்ளைகளே, ஒரு முறை தடுத்தால் அமருங்கள்; அமர்ந்திருந்து வினாவைக் கூர்மையாக்குங்கள்; பின்னர் மீண்டும் எழுங்கள். சனகன் சபையிலே கார்க்கி செய்தது அதுதான்.

சான்றிதழில் ஒரு சொல்லை வெட்டித் திருத்துவதற்குப் பேனாவின் ஒரு கோடு போதுமானதாயிருந்தது. எமது மனத்தில் அச்சாகியிருக்கும் சொல்லைத் திருத்துவதற்கு இன்னும் எத்தனை மலர்கள் வெளியிட வேண்டுமோ நாமறியோம். இந்த ஆண்டு மலரிலே அக்கோட்டின் ஒரு நுனியையேனும் வரைந்துவிட்டோம் என்னும் மனநிறைவோடு, எல்லாம் வல்ல இறைவன் எம் பிள்ளைகள் யாவருக்கும் கேட்கும் துணிவையும், கேட்பவருக்கு வழிவிடும் பெருந்தன்மையை எம்மனைவருக்கும் அருள்வானாக என்று வேண்டி அமைகின்றோம்.